முதலில் விதை, பிறகுதான் கோடாரி

(குருபோங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச வந்தது சம்பளத்தைப் பற்றியன்று, போனஸைப் பற்றியுமன்று. மறுநடவைப் பற்றி. "காட்டை அழிப்பதும் கன்று நடுவதும் நிர்வாகத்தின் பாடு. அதில் நமக்கென்ன?" என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நமக்கென்ன என்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

ஒரு காட்டில் பழைய மரம் விழுந்த நாள் தொடங்கி, அதே காட்டில் புது மரத்தின் மேல் உளி படும் நாள் வரை ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. மரம் விழுகிறபோது முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, புது மரத்தில் பால் வடிகிறபோது ஆறாம் வகுப்பை முடித்திருக்கும். இவ்வளவு நீண்ட வேலையில் எது முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை சரியாக இருந்தால் நம் வெட்டு நாள் வீணாவதில்லை. வரிசை பிசகினால் மாதக்கணக்கில் வீணாகிறது. சில சமயம் வருஷக்கணக்கிலும் வீணாகிறது. வீணான நாளுக்குக் கூலி கொடுப்பார் எவருமில்லை.

நம் ஒரு நாள் வேலை

வரிசை என்பது நமக்குப் புதிய பாடமன்று. பெரட்டு முடிந்ததும் இருட்டோடு இருட்டாக நிரைக்குள் நுழைகிறோம். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் ஓடும். வெட்டிய கையோடு மங்கைக் கவிழ்க்க முடியுமா? முடியாது. பால் ஓடி ஓய்வதற்கு மூன்று மணி நேரம் போல ஆகும். அதற்காகக் கடைசி மரத்தில் பால் ஓயும் வரை கைகட்டி நிற்பவரும் எவருமில்லை. எந்த மரத்தை முதலில் வெட்டினோமோ அந்த மரத்திலிருந்தே பால் எடுக்கத் தொடங்குகிறோம். கடைசி மரத்துக்குப் போய்ச் சேரும்போது அங்கும் ஓய்ந்திருக்கும்.

பால் ஸ்டோருக்கு வந்த பிறகும் அதே கதைதான். வடிகட்ட வேண்டும், நிறுக்க வேண்டும், தண்ணீர் சேர்க்க வேண்டும், அதன் பிறகே ஆசிட். உறைந்த பால் மறுநாள் உருளைக்குள் போகும். உருளையில் வந்த சீட் நீர் வடிந்த பிறகே புகைக் கூடத்துக்குப் போகும். அங்கே நான்கைந்து நாள் தொங்கும். ஆசிட் ஊற்றிவிட்டு வடிகட்டப் போனால் வலையில் என்ன நிற்கும் என்பதை ஸ்டோரில் வேலை பார்த்த அண்ணன்மார் சொல்வார்கள். இன்று பல இடங்களில் மங்கிலேயே உறையவிட்டுக் கட்டியாக எடுக்கிறார்கள். அங்கே வரிசை குறுகியிருக்கிறது, இல்லாமற் போகவில்லை.

இந்த ஒரு நாள் வேலைக்குள்ளே மூன்று விதமான கட்டு இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று முழுதும் முடிந்த பிறகே அடுத்தது என்பது ஒரு கட்டு: வடிகட்டாமல் ஆசிட் இல்லை. முன்னது தொடங்கிச் சற்று நேரம் சென்றபின் பின்னதும் தொடங்கலாம், இரண்டும் சேர்ந்து ஓடலாம் என்பது இன்னொரு கட்டு: வெட்டுக்குப் பின்னால் பால் எடுப்பது அப்படித்தான். மூன்றாவது, நம் கையிலும் இல்லை, மானேஜர் கையிலும் இல்லை. அது மழை. நூறு ஏக்கர் மறுநடவானாலும் ஆயிரம் ஏக்கர் மறுநடவானாலும் இந்த மூன்று கட்டுகளுக்குள்தான் அடங்குகிறது.

தாய்மார்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியும். வீட்டில் கல்யாணம். தை மாதம் இன்ன தேதி, காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம் என்று குறித்தாகிவிட்டது. அங்கிருந்து அவர்கள் பின்னோக்கித்தான் எண்ணுவார்கள். தாலிக்கு ஆசாரி இத்தனை நாள் கேட்பார், ஆகவே பொன்னை இன்ன நாளுக்குள் கொடுக்க வேண்டும். பத்திரிகை ஊருக்குப் போய்ச் சேர இத்தனை நாள், ஆகவே அச்சகத்துக்கு இன்ன நாளில் போக வேண்டும். மண்டபம் முடிவாகாமல் பத்திரிகை அடிக்க முடியாது. முகூர்த்தத்திலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தால், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை எது என்று தானாகத் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலும் அது நாம் நினைத்த வேலையாக இருப்பதில்லை.

மறுநடவும் அப்படித்தான்.

பதினான்கு மாதமும் எட்டு மாதமும்

உதாரணத்துக்கு நூறு ஏக்கர் காடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரங்களுக்கு முப்பது வயது. பட்டை தீர்ந்துவிட்டது. ஏணி வைத்து மேல் வெட்டு வெட்டுகிறோம். மறுநடவு என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. முதல் வேலை எது என்று பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர், "மரத்தைச் சாய்ப்பது" என்பார்கள். தவறு. முதல் வேலை விதை பொறுக்குவது. (இன்று கோடாரி எங்கே இருக்கிறது, சங்கிலி ரம்பமும் எந்திரமும்தானே என்று தம்பிமார் சிரிக்கிறார்கள். பழைய வழக்கில் கோடாரி என்கிறோம். அவ்வளவுதான்.)

ஏன் விதை முதல்? கன்று எப்படி வருகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் ரப்பர் நெற்று பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெடித்து விதை உதிர்கிறது. ரப்பர் விதை நெல்லைப் போலக் குதிரில் கிடக்கிற விதையன்று. உதிர்ந்த சில நாளிலேயே முளைக்கும் சக்தி குறையத் தொடங்கிவிடும். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டு போனார். முளைத்தவை நூற்றுக்கு நான்கு என்ற அளவே. அந்த வழியில் வந்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. 1896-இல் டான் சாய் யான் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். இந்நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். அந்த வரலாறு முழுவதும் விதை சாகுமுன் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததால் வந்த வரலாறு.

பொறுக்கிய விதை மணல் மேடையில் முளைக்க இரண்டு மூன்று வாரம். முளைத்ததை நாற்றுமேடையில் நட்டு, தண்டு பருத்துப் பட்டை பழுப்பாகும் வரை வளர்க்க வேண்டும். அதற்குப் பத்துப் பதினொரு மாதம். பிறகு நல்ல இன மரத்தின் கண்ணை எடுத்து ஒட்டுக் கட்ட வேண்டும். ஆர்.ஆர்.ஐ.எம். 600, பி.பி. 86 என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோமே, அவை அந்த இனங்களின் பெயர்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால்தான் ஒட்டு பிடித்ததா, செத்ததா என்று தெரியும். செத்தவற்றுக்கு மறுபுறத்தில் இன்னொரு முறை ஒட்ட வேண்டும். பிடித்தவற்றின் தலையை வெட்டி, சில நாள் விட்டு, பெயர்த்துக் காட்டுக்குக் கொண்டு போக வேண்டும். எல்லாம் கூட்டினால் சுமார் 14 மாதம். ஆகஸ்டுக் கடைசியில் விதை போட்டால் மறு வருஷம் அக்டோபரில் நடலாம். அக்டோபர், நவம்பர் நம் பக்கத்தில் மழை மாதங்கள். கன்றுக்கு அதுவே ஏற்ற காலம்.

ஒட்டுக் கட்டும் நாளில் கண் கொடுக்கும் குச்சியும் கைவசம் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. குச்சி வளர்க்கும் மேடை தனி. அதற்கும் ஒரு வருஷம் போல ஆகும். நாற்று தயாராகிக் குச்சி இல்லாவிட்டால் நாற்று முற்றிப்போகும். எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. ஏக்கருக்கு 180 குழி என்றால் நூறு ஏக்கருக்கு 18,000 கன்று. குழிக்கு ஒரு விதை என்று கணக்குப் போட்டவன் நட்டம் அடைவான். முளைக்காதது, வளையும் வேர், பிடிக்காத ஒட்டு, நட்டபின் காய்வது, அதற்கு மாற்றுக் கன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து விதை வேண்டும்.

இனி நிலத்தின் பக்கம் பாருங்கள். மரம் சாய்க்க ஒரு மாதம். மரத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக இரண்டு மாதம். முன்னெல்லாம் சாய்த்ததைக் காயவிட்டு நெருப்பு வைத்தார்கள். இன்று திறந்தவெளியில் எரிப்பதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ரப்பர்ப் பலகை நாற்காலி மேசை செய்யப் போகிறது. ஆகவே லாரிக்காரர் வரும் நாளும் நம் வரிசையில் ஒரு கண்ணி. அடிக்கட்டை பெயர்த்து, கிளை கொப்பை வரிசையாகக் குவிக்க இரண்டு மாதம். கயிறு பிடித்து நிரை குறித்துக் குழி தோண்ட ஒன்றரை மாதம். நிலத்தை மூடும் அவரை இனக் கொடி விதைத்து அது படர ஒன்றரை மாதம். கூட்டினால் எட்டு மாதம். வெயில், மழை, ஆள் பலம் பார்த்துச் சற்றுக் கூடும், குறையும். கணக்குக்காக எட்டு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பக்கம் 14. ஒரு பக்கம் 8. இரண்டும் நடவு நாளில் சந்திக்க வேண்டும். அப்படியானால் விதை பொறுக்கிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை மரத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை! ஆகஸ்டில் விதை, பிப்ரவரிக் கடைசியில் மரம். இலையுதிர் காலமும் அப்போதுதான் வருகிறது; பால் எப்படியும் குறைந்துவிடும். நம் கைக்கும் அதிக நட்டமில்லாத நேரம் அது.

இதை அறியாமல், மறுநடவு என்று உத்தரவு வந்த மறுவாரமே, செப்டம்பரில் எந்திரத்தைக் காட்டுக்குள் விட்டால் என்ன ஆகும்? கன்று அப்போதும் அடுத்த அக்டோபரில்தான் வரும். ஒரு நாள் முந்தாது. நிலம் மட்டும் காலியாகக் கிடக்கும். காலி நிலத்தில் லாலான் வரும். லாலானுக்கு மருந்தடிக்க வேண்டும். மரம் இருந்திருந்தால் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வெட்டியிருக்கலாம். வருஷத்தில் பால் நன்றாகக் கிடைக்கும் மாதங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. விழப்போகும் மரமாதலால் பட்டை மீண்டும் வளர வேண்டுமே என்ற கவலையும் இல்லை. நூறு ஏக்கரில் பழைய மரம் பத்தாயிரம் நிற்கிறது, ஆளுக்கு ஐந்நூறு மரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்று வைத்துக்கொண்டால், அது பத்துப் பேரின் பிழைப்பு. பத்துப் பேருக்கு ஆறு மாதம் என்றால் அறுபது மாதச் சம்பளம். வெளிக்காட்டு வேலைக்கு மாற்றினாலும் வெட்டு வருமானம் அங்கே கிடைப்பது அரிது. நிர்வாகத்துக்கும் அந்த ஆறு மாதப் பால் போயிற்று. இதில் இருவருக்கும் லாபமில்லை, லாலானுக்குத்தான் லாபம்!

விதை காலத்தையே தவறவிட்டால் கதை இன்னும் மோசம். அடுத்த ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரச் சோம்பலுக்கு ஒரு வருஷ அபராதம். "வெளியே நாற்றுப் பண்ணையில் காசு கொடுத்து வாங்கலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். வாங்கலாம், பல தோட்டங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் பண்ணைக்காரரும் அதே ஆகஸ்டில்தான் விதை பொறுக்கியிருக்க வேண்டும். 18,000 கன்று வேண்டும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைக்காமல், நடவுக்கு முதல் மாதம் போய் நின்றால், மற்றவர் கழித்த கன்றுதான் கிடைக்கும்.

நீளமான சங்கிலி

இந்த 14 மாதச் சங்கிலிக்கு ஆங்கிலத்தில் 'கிரிட்டிக்கல் பாத்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் நீளச் சங்கிலி என்போம். 1957-இல் அமெரிக்காவில் டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கர் என்பவரும், கணிப்பொறிக் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லி என்பவரும் இதைக் கணக்காக வகுத்தார்கள். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிறபோது எல்லா வேலையையும் அவசரப்படுத்திப் பணத்தைக் கொட்டுவது வழக்கம். அவர்கள், "நீளச் சங்கிலியில் இருக்கிற வேலையை மட்டும் அவசரப்படுத்து, மற்றதை அதன் போக்கில் விடு" என்றார்கள். லூயிவில் நகரத்து ஆலையில் பழுது பார்ப்பதற்காக நிறுத்தும் நேரம் 125 மணியிலிருந்து 93 மணியாகக் குறைந்தது. மறு ஆண்டு, 1958-இல், அமெரிக்கக் கடற்படையும் பொலாரிஸ் ஏவுகணைக்காக இதைப் போன்ற முறை ஒன்றை வகுத்தது. ஏவுகணைக்கு உதவுகிற கணக்கு ரப்பர்க் கன்றுக்கும் உதவும்.

இதிலிருந்து நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது, அவசரம் எல்லா இடத்திலும் பலன் தருவதில்லை என்பதே. குழி தோண்டுகிற ஆட்களை விரட்டி ஒன்றரை மாத வேலையை ஒரு மாதத்தில் முடிக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்று அக்டோபரில்தான் வரப்போகிறது என்றால் அந்த விரட்டல் எதற்கு? குழி வாய் திறந்து மழையில் சரிந்து கிடக்கும். விரட்டப்பட்டவன் முதுகு வலிதான் மிச்சம். "இந்த வேலை நீளச் சங்கிலியில் இருக்கிறதா?" என்று மண்டோரையோ கண்டக்டரையோ மரியாதையாகக் கேட்கலாம்.

சங்கிலியின் நீளம் என்றைக்கும் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. 1960-களில் பச்சை ஒட்டு என்ற முறை பரவிற்று. தண்டு பச்சையாக இருக்கும்போதே, நான்கைந்து மாத நாற்றில் ஒட்டிவிடலாம். அப்படியானால் நாற்றுப் பக்கத்துச் சங்கிலி சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க நிலத்துச் சங்கிலியை நெருங்குகிறது. லாரிக்காரர் ஒரு மாதம் இழுத்தடித்தால் நிலத்துச் சங்கிலியே நீளச் சங்கிலியாகிவிடும். அன்று முதல் லாரியைத்தான் கவனிக்க வேண்டும், நாற்றுமேடையை அன்று. ஆகவே கணக்கை ஒரு முறை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. மாதம் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். செக்ரோல் எழுதுகிற நம் கிராணித் தோழர்களுக்கு இது பெரிய பாரமன்று.

சேர்ந்து ஓடக்கூடிய வேலைகளைச் சேர்த்தே ஓட்ட வேண்டும். நூறு ஏக்கரும் சுத்தமான பிறகே கயிறு பிடிப்போம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பத்து ஏக்கர் சுத்தமானால் கயிறு அங்கே நுழையலாம், குழி வெட்டுகிறவர் அதன் பின்னால் நுழையலாம். முதல் மரத்து மங்கை முதலில் எடுக்கிறோமே, அந்தக் கணக்குத்தான். ஆனால் சேர்க்கக் கூடாததைச் சேர்த்தால் ஆபத்து. அடிக்கட்டையையும் வேரையும் சரியாக அகற்றாமல் நட்டுவிட்டால், பழைய வேரிலிருக்கும் வெள்ளை வேர் நோய் புது வேருக்குத் தாவும். நட்ட அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து, பருத்து நிற்க வேண்டிய மரம் மஞ்சளித்துச் சாயும். அன்று நிரையில் விழும் ஓட்டை, பிற்காலத்தில் வெட்டுகிறவனுடைய வாளியில் விழும் ஓட்டை. மூடுகொடி விஷயமும் சிறிதன்று. பியூராரியா விதைக்குத் தோல் கெட்டி. வெந்நீரில் போட்டு எடுத்தால்தான் நன்கு முளைக்கும். கொடி படர்வதற்குள் லாலான் முந்திவிட்டால் பிறகு வருஷக்கணக்கில் மருந்தடிதான். அந்த மருந்தைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்கள்.

எந்தக் காடு திறக்கிறது, எந்தக் காடு விழுகிறது?

இதுவரை ஒரு காட்டுக்குள் இருக்கும் வரிசையைச் சொன்னோம். காட்டுக்கும் காட்டுக்கும் இடையில் ஒரு வரிசை இருக்கிறது. நம்மை நேராகத் தொடுவது அதுதான்.

தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் அழித்து நடுவதில்லை. மரத்தின் ஆயுள் 25, 30 வருஷம் என்றால் வருஷத்துக்கு ஒரு துண்டாக மாற்றிக்கொண்டு வருவது முறை. ஆறு வருஷத்துக்கு முன்னே நட்ட இரண்டாம் நம்பர்க் காடு இந்த வருஷம் வெட்டுக்குத் திறக்கிறது; இந்த வருஷம் ஏழாம் நம்பர்க் காடு விழுகிறது. ஏழில் வெட்டிய பத்துப் பேர் இரண்டுக்குப் போவார்கள். அவ்வாறு நடந்தால் ஒருவர் பிழைப்பும் கெடாது. ஏழின் மரம் விழுவது இரண்டின் மரம் பருப்பதைச் சார்ந்து நிற்கிறது. இந்தக் கண்ணி காகிதத்தில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. காகிதத்தில் ஏழுக்கு ஒரு பக்கம், இரண்டுக்கு ஒரு பக்கம். இரண்டையும் இணைக்கும் பத்துப் பேருக்குப் பக்கமே இல்லை.

காடு திறப்பது என்பதற்கு அளவு இருக்கிறது. குறித்த உயரத்தில் அடிமரச் சுற்றளவு 18 முதல் 20 அங்குலம் வர வேண்டும். அந்த அளவு வந்த மரம் நூற்றுக்கு எழுபது இருக்க வேண்டும். உரம் தவறிய காட்டில், களை மிஞ்சிய காட்டில், அந்த அளவு ஆறாம் வருஷம் வராது, ஏழாம் வருஷம் வரும். இரண்டாம் நம்பர் ஒரு வருஷம் பிந்தினால், ஏழாம் நம்பரின் மரத்தைச் சாய்ப்பதும் ஒரு வருஷம் பிந்த வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கையில் அளவு வேண்டும். சாய்க்கப் போகிற வருஷத்தில் கேட்டால் காலம் கடந்துவிடும். அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இரண்டாம் நம்பரில் சுற்றளவு என்ன வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அளவெடுக்கப் போகிறவர்கள் நம் தோழர்கள்தானே!

விலை சரிந்தது என்றோ, உதவித்தொகை கிடைத்தது என்றோ, எண்ணெய்ப் பனைக்கு மாறுகிறோம் என்றோ, ஒரே வருஷத்தில் நான்கு காட்டைச் சாய்த்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. திறக்கும் காடு ஒன்று, விழும் காடு நான்கு. முப்பது பேருக்கு ஆறு வருஷம் வெட்டு இல்லை. 1952-ஆம் ஆண்டில் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்தபோது, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தலுக்கும் நாலரைக் காசு பிடித்து மறுநடவுக்கு ஒதுக்கினார்கள். மரம் மாறுவதற்கு நிதி வந்தது. மரம் மாறுகிற இடைக்காலத்தில் வெட்டுக்காரன் எங்கே நிற்பான் என்பதற்கு அந்தச் சட்டத்தில் வரி இருந்ததாக நாம் அறியோம். சிறு தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தொகை தவணை தவணையாகத்தான் வரும். முந்திய கட்டத்தை அதிகாரி வந்து பார்த்துச் சரியென்று சொன்னால்தான் அடுத்த தவணை. 1973-இல் ரிஸ்டா வந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. பெரிய தோட்டத்திலும், "பத்துப் பேருக்கு நிரை ஒதுக்கியாயிற்றா? ஆயிற்று என்றால் மரத்தைச் சாய்" என்று ஒரு கண்ணி ஏன் இருக்கக் கூடாது?

வீடும் நோட்டீசும்

தோட்டமே மூடப்பட்டு நிலம் வேறு வேலைக்குப் போகும் காலம் இது. நம் குருபோங்கிலேயே ரப்பர் நின்ற பக்கங்களில் இன்று தொழிற்சாலைகளும் தாமான்களும் நிற்கின்றன. அங்கே வரிசை என்பது இன்னும் கூர்மையான விஷயம்.

பி.பி. 86 என்று முன்னே சொன்னோமே, அந்தப் 'பி.பி.' பிராங் புசார் தோட்டத்தின் பெயர். நாடு முழுவதும் பால் கொடுத்த இனங்களை ஈன்ற தோட்டம். 1990-களில் அந்த நிலம் புத்ராஜெயா நகரமாயிற்று. பிராங் புசார் முதலான அங்கிருந்த தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. தரை வீடு கிடைக்கும் என்று நம்பிப் போனவர்கள், சுவரில் விரிசல் கண்ட அடுக்குமாடியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோரிக்கையைச் சுமந்தார்கள். லயம் இடிவது முதல் கண்ணியாகவும், வீடு கட்டுவது கடைசிக் கண்ணியாகவும் இருந்தால் இப்படித்தான் ஆகும். லயம் இடிந்தபின் நம் கையில் பேரம் பேச என்ன இருக்கிறது? வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகே லயத்தின் ஓட்டைப் பிரிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்க வேண்டும். சாவி என்றால் தண்ணீரும் மின்சாரமும் வந்த வீட்டின் சாவி.

வேலை முடிவதற்கும் சட்டத்தில் வரிசை இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்புக் கால அளவு இது: இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டுக்கு மேல் ஐந்துக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு நட்டஈடும் உண்டு. அதே மூன்று படிகளில், சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 10 நாள், 15 நாள், 20 நாள் சம்பளம். கூட்டு ஒப்பந்தத்தில் கூடுதலாக இருந்தால் அதுவே செல்லும். மரம் விழும் நாளிலிருந்து பின்னோக்கி 8 வாரம் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நாளில் நோட்டீஸ் கைக்கு வரவில்லை என்றால் ஏதோ ஒரு கண்ணி விட்டுப்போயிற்று என்று பொருள். கிளைச் செயலாளரிடம் அன்றே சொல்லுங்கள். மரம் விழுந்த மறுநாள் வந்து அழுவதில் பயனில்லை.

தாளில் எப்படி எழுதுவது?

பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய செக்ரோல் தாள் ஒன்றின் பின்பக்கம் போதும். இடப்பக்கத்தில் வேலையின் பெயர். அடுத்த கட்டத்தில் அதற்கு எத்தனை வாரம். மூன்றாவது கட்டம்தான் முக்கியம்: எது முடிந்தால் இது தொடங்கலாம்? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மற்ற இரண்டும் வெறும் ஜாபிதாதான். எழுதும்போது கிராணி ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதக் கூடாது. ஒட்டுக் கட்டுகிற அண்ணன், மருந்தடிக்கிற அக்கா, குழி வெட்டுகிறவர், வெட்டுக்காரர், ஸ்டோர்க்காரர் எல்லாரும் சுற்றி உட்கார வேண்டும். "ஒட்டு செத்தால் இன்னொரு மூன்று வாரம் வேண்டுமே, ஐயா" என்பதை ஒட்டுக் கட்டுகிறவர் சொல்லாமல் மேசையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எப்படித் தெரியும்?

எழுதி முடித்தபின் நடவு மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் "இந்தத் தேதிக்குப் பிந்தினால் நடவு பிந்தும்" என்ற கடைசி நாள் கிடைக்கும். முன்னோக்கி எண்ணினால் "இந்தத் தேதிக்கு முன் தொடங்கவே முடியாது" என்ற முதல் நாள் கிடைக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த வேலை நீளச் சங்கிலியில் இருக்கிறது. இடைவெளி இருந்தால் அது மிச்ச நாள். மரம் சாய்க்கும் வேலைக்கு எவ்வளவு மிச்ச நாள் என்று பாருங்கள். அந்த மிச்ச நாள் வெட்டுக்காரரின் வெட்டு நாள். பிறகு அதே தாளில் இன்னும் நான்கு வரி சேருங்கள்: வெட்டுக்காரருக்கு மாற்று நிரை, திறக்கும் காட்டின் சுற்றளவு, நோட்டீஸ் நாள், வீட்டுச் சாவி. நிர்வாகத்தின் அட்டவணையை நாம் பார்க்க நேர்ந்தால் இந்த நான்கு வரியும் அதில் இருக்கின்றனவா என்று பொருத்திப் பார்க்கலாம். இல்லையென்றால் நம் தாளைக் கொண்டுபோய் மேசையில் வைக்கலாம். சண்டைக்கன்று. அறுபது மாதச் சம்பளத்தையும் ஆறு மாதப் பாலையும் காப்பாற்றுகிற கணக்கை எந்த மானேஜரும் படித்துப் பார்க்கத்தான் செய்வார்.

ஆகஸ்டு நெருங்குகிறது. இன்னும் சில வாரத்தில் உச்சி வெயிலில் நெற்று வெடிக்கிற சத்தம் நிரைக்குள் கேட்கத் தொடங்கும். அடுத்த வருஷம் விழப்போவதாகச் சொல்லப்படும் காடுகளின் நம்பரையும், திறக்கப்போகும் காடுகளின் நம்பரையும் ஒவ்வொரு தோட்டத்துக் கமிட்டியும் எழுதி எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இங்கே வர வேண்டும். தாளும் பென்சிலும் நாம் கொண்டு வருகிறோம். ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் தோட்டத்துக்கு ஒருவராவது கூட வரட்டும்.